வளையல் கீறல்கள்

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி இப்படித் தனியாகக் கடிதம் எழுதுவதை முதலில் மன்னித்துவிடுங்கள். நேரில் வந்தால் எனக்குப் பேச வாய் வராது. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பது உங்கள் மகனாகத்தான் இருக்கும். எழுத்தில் என்றால் ஓரளவு தடுமாறாமல் சொல்லிவிடுவேன்.

என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை. போன மாதம் நீங்களும் உங்கள் மகனும் கிட்டாரை எங்கள் ஏலக்கடைக்கு எடுத்து வந்தபோது, மேஜை ஓரத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் மகன் என்னைப் பார்த்து, "ஏம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது நீங்கள் மட்டும், "நீ இங்க என்ன வேலை பாக்குறே?" என்று கேட்டீர்கள். கடைக்கு வரும் யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன். பழைய இசைக்கருவிகளை இன்னதென்று அடையாளம் கண்டு, விலை மதிப்பிடுவது என் வேலை. உங்கள் கிட்டார்தான் நான் தனியாக மதிப்பிட்ட முதல் கருவி.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். படித்தது வேதியியல். இந்தக் கடையில் சேர்ந்தது ஏலப் பட்டியலை டைப் அடிக்க. மற்றவர்கள் சொல்வதை அடித்துவிட்டு, பிறகு சும்மா இருக்க முடியாமல் கருவியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். எழுதியிருப்பது ஒன்றாகவும் இருப்பது வேறாகவும் தெரிந்தால், வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். சீட்டுகளைப் படித்துப் படித்து அலுத்துப்போய், "இனிமே நீயே பாரும்மா, எனக்குச் சீட்டு அனுப்பாதே" என்று சொல்லி அவரே எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். வீட்டில் சொன்னபோது என் அம்மா, "உனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியுமாடி?" என்றாள். தெரியாது என்றேன். "வாசிக்கத் தெரியாதவளைக் கூப்பிட்டு விலை சொல்லச் சொல்றாங்களா? நல்ல கடைதான் போ" என்றாள். அப்பாவோ தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் நான் ஏதோ இஞ்சினியர் மாதிரி வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை.

இனி கிட்டாருக்கு வருகிறேன். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் தேய்ந்து மறைந்துவிட்டதால், அதை யாரோ செய்த மலிவுக் காப்பி என்று உங்கள் மகன் நினைத்திருந்தார். "இடத்தை அடைக்குது சார், புது வீடு சின்னது, வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் அழிந்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அது செமி ஹாலோ வகை. உடம்பு முழுக் கட்டையும் இல்லை, வெறும் கூடும் இல்லை. இரண்டு பக்கமும் காலியாக இருக்க, நடுவில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு மரக்கட்டை ஓடும். பல் மருத்துவர் வைத்திருப்பாரே, அந்தச் சின்னக் கண்ணாடியையும் ஒரு குட்டி விளக்கையும் முகப்பில் இருக்கும் துளை வழியாக உள்ளே விட்டுப் பார்த்தேன். காப்பி செய்பவர்கள் அந்த நடுக்கட்டையில்தான் காசை மிச்சம் பிடிப்பார்கள். பாதியில் நிறுத்திவிடுவார்கள், அல்லது துண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள். உங்களுடையதில் ஒரே கட்டை, ஒழுங்காக முழுதும் ஓடுகிறது. வால்யூம் திருகுகளுக்கு அடியில் இருக்கும் உலோக மூடிகளில், அவை செய்யப்பட்ட ஆண்டும் வாரமும் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒரே ஆண்டைக் காட்டின. ஈயப் பற்றவைப்பைப் பிறகு யாரும் தொடவில்லை. ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் பழைய லாக்கர் பூச்சு மங்கிய பச்சை மஞ்சளாக ஒளிரும். மேலே புதிதாக வார்னிஷ் பூசியிருந்தால் அந்த இடம் மட்டும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கிட்டார் தலை முதல் அடிவரை ஒரே மாதிரி ஒளிர்ந்தது. கழுத்து ஒடிந்து ஒட்டிய தடமும் இல்லை. அந்தக் கம்பெனி கொஞ்ச காலம் மட்டுமே செய்த அசல் கருவி அது, அம்மா. விளக்கை அணைக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். முகப்பில், கம்பிகள் ஏறி உட்காரும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தன. எங்கள் கடையில் மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. அதனால் அவரை ரெட்டைக் கண்ணாடி என்போம், அவருக்கும் தெரியும். அவர் பார்த்துவிட்டு, "பாத்திரம் தேய்க்கற நாரைப் போட்டு யாரோ துடைச்சிருக்காங்க. பாவிங்க! மூணுல ஒரு பங்கு விலையைக் குறை" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. நாரில் தேய்த்தால் கீறல் எல்லாப் பக்கமும் போகும். இவை ஒவ்வொன்றும் சின்ன வில் மாதிரி வளைந்து, எல்லாம் ஒரே திசையில் இருந்தன. இன்னொன்று, மேடையில் நின்று வருஷக்கணக்கில் வாசித்த கிட்டாரின் முதுகைப் பார்த்தால் பெல்ட் பக்கிள் உரசிய தழும்பு கட்டாயம் இருக்கும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகள் அவ்வளவு தேய்ந்திருந்தும் இதன் முதுகில் தழும்பே இல்லை. துணி பட்டுப் பட்டு மினுமினுப்பு மட்டும் குறைந்திருந்தது. தோள்வாரில் கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டி, உயரம் குறைந்தவருக்காக உள்ளே தள்ளி இன்னொரு ஓட்டை போடப்பட்டிருந்தது.

மறுநாள் காலையில் என் அம்மாவின் வளையல்களைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னடி, திடீர்னு வளையல் ஆசை? ஆபீஸ்ல யாரு?" என்றாள். யாரும் இல்லை, கிட்டார்தான் என்றேன். அவள் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

கடையில் உடைந்த கிட்டார் ஒன்று மூலையில் கிடக்கிறது. வளையல்களைப் போட்டுக்கொண்டு, வாசிப்பவர்கள் கையை வீசுவதுபோல் அதன் மேல் மேலும் கீழும் வீசிப் பார்த்தேன். அதே வில். அதே இடம். அதே சாய்வு.

அன்று விலையை முடிவுசெய்ய நடந்த கூட்டத்தில்தான் நான் முதன்முதலாக எழுந்து நின்று பேசினேன். "சார், இது துடைச்ச கீறல் இல்ல. வளையல் போட்ட கை வாசிச்ச கீறல். இதைச் சேதம்னு கழிக்கக் கூடாது" என்றேன். ரெட்டைக் கண்ணாடி கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத்தனை வருஷமா நான் எத்தனை கிட்டாருக்கு இப்படி விலையைக் குறைச்சேனோ" என்று சொல்லிவிட்டு, "கையைக் காட்டு, அந்த வளையலைப் பாக்கறேன்" என்றார். முதலாளி என் அறிக்கையில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அடியில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். உங்கள் மகன் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விலை அது. எல்லோருக்கும் முன்னால் அழக்கூடாதென்று குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நடித்தேன்.

இங்கேதான் தயக்கம் தொடங்குகிறது. விலையைச் சொன்னதிலிருந்து உங்கள் மகனுக்குக் கால் தரையில் இல்லை. நேற்றுப் பேசினார். தண்ணீர் கேட்டவர் இப்போது என்னை மேடம் என்கிறார். "மேடம், எங்கப்பா பேரைப் பெருசாப் போடுங்க. அவர் வாசிச்ச கிட்டார்னு ஊருக்கே தெரியட்டும்" என்றார். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் 'வாசித்தவர்' என்று ஒரு வரி உண்டு. மதிப்பிட்டவருக்கு உறுதியாகத் தெரியாத எதையும் அந்த வரியில் போடுவதில்லை என்பது கடையின் வழக்கம். பட்டியல் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது.

அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடுகிறது. கிட்டார் இருந்த பெட்டியை அப்பா வாரம் தவறாமல் துடைத்து வைப்பாராம். பிள்ளைகள் யாரையும் கிட்டவே விடமாட்டாராம். "எங்களையெல்லாம் அடிச்சதே இல்ல மேடம், பெட்டியைத் தொட்டப்ப மட்டும் அடி விழுந்துச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

ஏனென்றால் அன்று கடையில் நான் வேறொன்றையும் பார்த்திருந்தேன். உங்கள் மகன் பெட்டியைத் திறந்து கிட்டாரை அவசரமாகத் தூக்கியபோது, பேசிக்கொண்டிருந்த நீங்கள் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, குழந்தையின் பிடரியைத் தாங்குவதுபோல் அதன் கழுத்தைத் தாங்கிக்கொண்டீர்கள். முதலாளி கம்பிகளைச் சும்மா தட்டிப் பார்த்தார். மூன்றாவது கம்பி ஒலித்தபோது உங்கள் புருவம் சுருங்கியது. அந்த அறையில் இருந்த வேறு யாருக்கும் அது சுருதி விலகியிருப்பது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போதுதான் உங்கள் மகன், "அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். அப்பா ஞாபகமா வெச்சிருந்தாங்க" என்றார். நீங்கள் மெல்லச் சிரித்து, ஆமாம் என்று தலையை ஆட்டினீர்கள்.

நான் ஊகிப்பது தவறாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் உங்கள் மகனிடம் மூச்சுவிடவில்லை, விடவும் மாட்டேன். கூட்டத்தில்கூட, வாசித்தது ஒரு பெண் என்று சொன்னேனே தவிர, இன்னார் என்று சொல்லவில்லை. உங்களுக்கு எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "எழுது. ஆனா ரசீது மாதிரி எழுதாதே. அவங்க வேண்டாம்னா அந்த வரியைக் காலியா விட்டுடு" என்றார். அப்படியே செய்வேன். அதனால் விலை ஒரு காசும் குறையாது. விற்பதா வேண்டாமா என்பதும் உங்கள் முடிவுதான். அதில் தலையிட எனக்கு எந்த உரிமையும் இல்லை.

நீங்கள் ஏன் ஆமாம் என்று தலையாட்டினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். தன் அப்பாவை மேடையில் நிறுத்திப் பார்க்கும் பிள்ளையிடம், அது அவர் இல்லை என்று சொல்ல எந்த அம்மாவுக்கு மனம் வரும்? ஆனால் அம்மா, அந்தப் பெட்டியைப் பிள்ளைகள்கூடத் தொடாமல் காத்தாரே உங்கள் கணவர், அவர் தன் பொருளையா அப்படிக் காத்தார்? கிட்டாரில் ஒரு துளி துரு இல்லை. பெட்டியின் கீல்களுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். உட்புறத் துணி பிரிந்த இடங்களில் பொடிப்பொடியாகத் தையல் போட்டிருக்கிறார். நான் மதிப்பிட்ட விலையில் பாதி அவர் கைக்குச் சேர வேண்டியது. 'பாதுகாத்தவர்' என்றும் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். தாராளமாகச் சேர் என்றார் முதலாளி. அங்கே அவர் பெயரை உங்கள் மகன் விரும்பியபடியே பெரிய எழுத்தில் போடுவேன். அது முழு உண்மை. படித்துவிட்டு உங்கள் மகன் தலைநிமிரலாம்.

இதைக் கொண்டு வருபவர் எங்கள் கடையின் வண்டி ஓட்டுநர். மாட்டு வண்டிகூட அவரை முந்திவிடும் என்பதால் பொறுமை என்று கூப்பிடுவோம். உங்கள் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று சொல்லி, உங்கள் மகன் வேலைக்குக் கிளம்பியிருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எவ்வளவு நேரம் யோசித்தாலும் வாசலில் காத்திருப்பார். அவருக்கு அது பழக்கம்தான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் எல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். பட்டியலில் என் பெயர் அச்சாகப் போவது இதுதான் முதல் தடவை. அதற்கு மேலே ஒரு வரி காலியாக இருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும், ஆனால் தாங்க விருப்பமில்லை. நீங்கள் மேடை ஏறும்போது ஒலிபெருக்கியில் உங்களை எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்களோ, அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், அம்மா.

இப்படிக்கு,
உங்கள் கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்லும்,
ஏலக்கடைப் பெண்