அடிக்கடி கூப்பிடும் சர்வர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அறைக்குக் கொண்டுவந்து, நம் வீட்டுப் படங்களைச் சேர்த்துவைக்கும் சர்வராக மாற்றியிருக்கிறேன். அதற்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டேன். ஒன்றைச் சொல்லி, "இதைப் போட்டுட்டா வருஷக்கணக்கா திரும்பியே பார்க்க வேண்டாம்மா, அது பாட்டுக்கு ஓடும்" என்றார். இன்னொன்று வாராவாரம் அப்டேட் கேட்குமாம், கொடுத்தால் எங்காவது முறுக்கிக்கொண்டு நின்றுவிடுமாம். "அது பக்கம் மட்டும் போயிடாத. உன் லீவு நாளெல்லாம் அதுக்கே சரியாப் போயிடும்" என்றார்.

நான் அதைத்தான் போட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் ஒருவழியாக ஓட ஆரம்பித்ததும், "இனிமேலாவது சமர்த்தா இருக்கணும், என்ன?" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தபிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டிஸ்க்கில் இடம் நிறையக் காலியாகக் கிடக்கிறது. மங்கலாக விழுந்த படத்தையும் அழிக்காமல் அனுப்புங்கள். நீங்களும் அம்மாவும் சும்மா பேசுவதைப் போனில் பதிந்து அனுப்பினாலும் சரி, சண்டையானாலும் பரவாயில்லை.

அம்மாவுக்குப் படித்துக்காட்டும்போது அந்த வெள்ளிக்கிழமை வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சர்வர் மறுபடியும் ஏதோ கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் மகள்