சாலைக்கு அடியில் ஒரு குழாய்

நம் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்துவிட்டதாக அவள்தான் சொன்னாள், நீங்களாகவா சொல்லப்போகிறீர்கள்?

கவலைப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை, அலுவலகத்தில் ஒரு சண்டை மட்டும். எந்த ஓடைக்கு எங்கிருந்தெல்லாம் மழைநீர் வரும் என்று, நில உயரங்களை வைத்து எல்லை வரையும் மென்பொருள் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைப்பதையே சொன்னேன். அது வரைந்த எல்லை நெடுஞ்சாலையோடு நின்றுவிட்டது, சாலைக்கு அப்பாலிருந்தும் ஓடைக்குத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தும்கூட.

"ஓசியில வந்தா இப்படித்தாம்மா இருக்கும். உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று மேலதிகாரி எல்லோர் முன்பும் சிரித்தார்.

அவர் வாங்கத் துடித்த விலையுயர்ந்த மென்பொருளை அவர் கண்ணெதிரிலேயே ஓட்டினேன். அதுவும் அதே சாலையில் நின்றது. வானத்திலிருந்து அளந்த உயரங்களில் சாலை வெறும் சுவர். அடியில் தண்ணீர் போகும் குழாய் தெரியாது. நேரில் போய்ப் பார்த்து, குழாயை வரைபடத்தில் சேர்த்தேன். இலவச மென்பொருளே எல்லையைச் சரியாக வரைந்தது.

"இலவசமே போதும்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார் இப்போது, கூசாமல். நான் இன்னும் ஒரு வருடம் இந்த ஊரிலேயே வேலையில் இருக்க வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உங்களைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்பீர்கள். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொள்வீர்கள்.

குழாய்க்குள் குனிந்தபோது மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. பழையது அலமாரியில் இருக்கிறது, அனுப்புங்கள். அனுப்ப அலுப்பாக இருந்தால், "வந்து எடுத்துக்கோ" என்று ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசிக்குள்.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் மனைவி