நரெல், இன்று 'பரவாயில்லை' என்று சொல்லாதே

நரெல்,

நான் கிளப்புக்குப் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போகிறேன். அடுப்பில் பூசணி சூப் இருக்கிறது. ஊரையே கூப்பிட்டு ஊற்றினாலும் மிஞ்சும். உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகப் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ராஸ்லின் காரோடு வருவாள். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன், நீ குனியாதே.

"நீ வந்தா மானம் போகுது, மெர்வ். வீட்டுலயே இரு" என்றாய் நேற்று. நியாயம்தான். போன தடவை டாக்டர், "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று உன்னைக் கேட்க, நான் முந்திக்கொண்டு, "நாப்பத்தேழு! இடுப்பை முதலை கவ்வின மாதிரி துடிக்கிறா டாக்டர்!" என்றேன். நீயோ, "இவரு கெடக்காரு. பரவாயில்ல டாக்டர், ரெண்டுன்னு எழுதிக்குங்க" என்றாய். அவரும் ரெண்டு என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

உன் அப்பாவும் காலொடிந்த அன்று 'பரவாயில்லை' என்று சொல்லி, மிச்ச ஆடுகளுக்கும் ரோமம் கத்தரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். இந்த ஊரே அப்படி. எல்லாருக்குமாகச் சேர்த்து நான் ஒருவன் கத்துகிறேன்.

இன்று உள்ளதைச் சொல். இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டி இழுக்கிறதே, அதைச் சொல்.

மெர்வ்

பி.கு.: உன் இடது செருப்பு பின்வாசல் படியில் கிடக்கிறது. நேற்று அது கழன்றதே தெரியாமல் நீ சமையலறைவரை நடந்து வந்தாய். பாதம் மரத்துப்போயிருக்கிறது, நரெல். டாக்டரிடம் முதலில் இதைச் சொல். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.