உள்பை வைத்த ஜாக்கெட்டுகள்

என்னங்க,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்குமோ தெரியாது. ஏஜெண்டு முகவரிக்குத்தான் போடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் பாதி நேரம் "ஹலோ, கேக்குதா" என்று கத்துவீர்கள், மீதி நேரம் அழுவீர்கள். எழுத்தென்றால் நிதானமாகப் படிக்கலாம். கப்பல் அடுப்படியில் நின்றுகொண்டு படிப்பதாக இருந்தால் முதலில் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மகள் விடுதியில் பரீட்சைக்குப் படிக்கிறாள். தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணியது, சரி செய்தாயிற்று.

இப்போது விஷயம். எனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்தேன். போட்டுப் பார்த்தால் இடது பக்கம் சுருக்கம் விழுந்து இழுத்தது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் இழுத்தது. ஊருக்கெல்லாம் கச்சிதமாகத் தைக்கிற கைக்கு என்ன வந்தது என்று எனக்கே ஆத்திரம். கண்தான் மங்கிவிட்டது என்று முடிவு கட்டி, கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தேன். புதுக் கண்ணாடியோடு தைத்தும் அதே சுருக்கம். அப்புறம்தான் துணியை விட்டுவிட்டு என்னைத் தடவிப் பார்த்தேன். கோளாறு தையலில் இல்லை. கட்டி இருந்தது.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். மார்பில். ஆரம்ப நிலை என்கிறார் டாக்டரம்மா, சின்னக் கட்டி. அழாதீர்கள், மேலே படியுங்கள்.

அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். வழி இரண்டு. ஒன்று, மார்பை முழுதாக எடுத்துவிடுவது. அதை இங்கேயே செய்வார்கள். அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை என்றால் பெரும்பாலும் கதிர் சிகிச்சை வேண்டியிருக்காது. இன்னொன்று, கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்துவிட்டு, மார்பை வைத்துக்கொள்வது. அப்படியானால் பிறகு கதிர் கொடுத்தே ஆக வேண்டும், வாரத்தில் ஐந்து நாள், பல வாரம். எனக்கு எதைச் செய்தாலும் பிழைக்கிற வாய்ப்பு ஒரே அளவுதானாம். அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

கதிர் இயந்திரம் இங்கே இல்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அதற்கென்று தடிச் சுவர் வைத்து அறை கட்டி, ஏசி போட்டு, பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. இயந்திரம் மட்டும்தான் வரவில்லை. வாட்ச்மேன் அங்கே சைக்கிளை நிறுத்துகிறார். கதிர் வேண்டுமானால் தலைநகரத்துக்குப் போய்த் தங்க வேண்டும். தனியாக வரக் கூடாதாம், போகப் போகச் சோர்வு தட்டும், துணை வேண்டும் என்கிறார்கள்.

கட்டியின் ரகத்துக்கு மாத்திரை கேட்குமாம், அது எனக்கு அதிர்ஷ்டம். சில வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். இங்கேயே மருந்துக் கவுண்டரில் கொடுக்கிறார்கள். கீமோ தேவையா இல்லையா என்பது எடுத்த சதையைச் சோதித்த பிறகுதான் தெரியும். தேவையென்றால் அதுவும் இங்கேயே ஏற்றுவார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வரிசையில் என் பக்கத்தில் உட்காருகிற ஸ்கூல் வேன் ஓட்டும் அக்காவுக்கு வேறு ரகம். அவருக்கு மாத்திரை கேட்காது, வேறொரு ஊசி வேண்டும், அது இங்கே வருவதில்லை. "வண்டிக்கு ஸ்பேர் பார்ட் இல்லன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டாங்கம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் முழுதாக எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அத்தையைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே தலைநகரத்தில் போய் உட்காருவது? கடையைப் பூட்டினால் வாடிக்கை எதிர்க் கடைக்குப் போய்விடும். நீங்கள் வர வேண்டாம். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டே வாருங்கள், இந்த முறையாவது உங்களைத் தலைமைச் சமையல்காரர் ஆக்கட்டும். அத்தையிடம் சதைக்கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

என்னங்க,

முதல் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இது இரண்டாவது. அவசரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே, ஜாக்கெட்டுகளில் இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வைக்க. கை நன்றாக இருக்கும்போதே தைத்து வைத்துவிட்டால் பிறகு கை வலியோடு உட்கார வேண்டாமே என்ற கணக்கு. துவைத்து மடிக்கும்போது அத்தை கையில் ஒன்று சிக்கிவிட்டது. "இதென்னடி, பர்ஸ் வைக்கவா? பஸ்ல திருடன் கை விட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். இரண்டாவதை எடுத்துப் பார்த்தார், மூன்றாவதையும். எல்லாவற்றிலும் இடது பக்கம். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழி இருக்கிறது, அவரைத் தனியாக விட முடியாது என்பதால் வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன். அவ்வளவுதான், வந்ததே கோபம். "என் முழங்கால் மேல பழியப் போடாதடி! நாளைக்கு நீ கண்ணாடி முன்னாடி நிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவே, எனக்குத் தேவையா இது? உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு. வேணும்னா வேணும்னு சொல்லு. எனக்காகன்னு சொன்னே, நான் இந்த வீட்ல ஒரு வாய் சாப்பிட மாட்டேன்" என்றார். செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட வீட்டுக்கு, அதுதான் நாத்தனார் வீட்டுக்கு, அவரே போன் போட்டார். "நான் வர்றேன், கட்டில ஜன்னல் பக்கம் போட்டு வை" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வைத்தார். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. அங்கே நாத்தனார் அழுதுவிட்டாளாம்.

அடுத்து கடையைச் சாக்காகச் சொல்லிப் பார்த்தேன். தைக்க வாங்கி வைத்திருந்த துணி எல்லாவற்றையும் அந்த வேன் அக்கா வாங்கிக்கொண்டு போய் எதிர்க் கடைக்காரியிடமே கொடுத்துவிட்டார். அவள் முடித்துத் தருகிறாளாம், வாடிக்கையைப் பிடுங்க மாட்டாளாம். இரண்டு சாக்கும் போய்விட்டது.

டாக்டரம்மாவிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன். கட்டியை மட்டும் எடுப்பது இந்த வாரம், இங்கேயே. புண் ஆறிய பிறகு கதிர். தலைநகர ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தாயிற்று, முறை வரச் சில வாரம் ஆகும். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்குமிடம் இருக்கிறது, சமைத்துக்கொள்ள மூலையில் அடுப்பும் இருக்கிறது. நோயாளிக்கு ஒரு கட்டில், துணைக்கு ஒரு கட்டில்.

துணையாக வருகிறவர் பெயரைக் கேட்டார்கள். அத்தையால் படி ஏற முடியாது. மகளுக்குப் பரீட்சை. அப்புறம் எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

முதல் கடிதத்தில் வர வேண்டாம் என்று எழுதியிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டி என்று தெரிந்த அன்றைக்குக் கூட இவ்வளவு பயமில்லை. அந்த அறையில் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்களாம், நான் மட்டும் படுத்திருக்க வேண்டுமாம். முடிந்து கதவைத் திறக்கும்போது வெளியே நீங்கள் நிற்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை.

ஜாக்கெட்டுகளில் வைத்த பைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குப் போய், துணைக்கு உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
மனைவி