அடுப்படியில் நின்றே சாப்பிட்டதாகச் சொன்ன மதினிக்கு

என் அன்பு மதினி,

கனகா பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். முகம் அப்படியே நீங்கள்தான். அதனாலேயோ என்னவோ, அண்ணன் அவளை நிமிர்ந்து பார்ப்பதே குறைவு.

ஊரடங்கில் பை தைக்கும் பட்டறை மூடியதும் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே நாளில் வேலை போனது. நம் ரேஷன் கார்டோ திருநெல்வேலி முகவரியில் இருந்தது. தாராவி கடைக்காரர், "யஹாங் நஹி சலேகா", இங்கே செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் இருந்த அரிசியை நீங்கள்தான் பங்கு போட்டீர்கள். ஒரு வேளை சோறு, ஒரு வேளை கஞ்சி.

"ஏட்டி, நீ சாப்ட்டியா?" என்று அண்ணன் கேட்பார்.

"அடுப்படிலயே நின்னு சாப்ட்டுட்டேன். நீங்க சாப்பிடுங்க."

இருப்பது ஒரே அறை. அவ்வளவு சின்ன இடத்தில் மூன்று பேரிடம் எப்படி மறைத்தீர்கள் மதினி? சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை.

அன்று காலை பாத்திரம் துலக்கும் இடத்தில் சரிந்தீர்கள். சேலையெல்லாம் வியர்வை. "கொரோனாவா இருக்கும், கிட்ட போவாதீங்க" என்று சந்தில் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஹமீது காக்கா மட்டும் தள்ளுவண்டி கொண்டுவந்து, தானே முன்னால் நின்று இழுத்தார்.

கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கூடவே ஓடிவந்த கனகாதான் சொன்னாள்: "அம்மா சாப்பிட்டுப் பாத்து ரொம்ப நாளாச்சு சித்தப்பா."

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை சர்க்கரையை அடியோடு இறக்கிவிட்டதாம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீங்கள் கண் திறக்கவே இல்லை.

இப்போது இங்கேயே ரேஷன் கிடைக்கிறது. அண்ணன் இரண்டு வாய்க்கு மேல் இறக்குவதில்லை. கோபம் உங்கள் மீதா, தன் மீதா? கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்ததில் சோறு குறைந்துவிட்டது. கனகா தட்டு எடுக்காமல் நின்றாள்.

"எனக்குப் பசிக்கல சித்தப்பா."

என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். "உக்காரு. நான் பாக்கச் சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். அண்ணன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நாளைக்கு அவள் எந்த வீட்டுக்கு வாழப் போனாலும் முதல் நாளே நான் அங்கே சொல்லிவிட்டு வருவேன் மதினி: இவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

உங்கள் கொழுந்தன்,
முருகேசன்