தீர்த்தம் இறங்கும் வழி

சௌ. வத்ஸலாவுக்கு,

சிலேட்டில் எழுதினால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் காகிதம்.

காலையில் துண்டு நனைந்திருந்ததற்கு வியர்வை என்று எழுதிக் காட்டினேன். பொய். வரதர் சன்னிதியில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் வாயை மட்டும் அசைத்து நின்றுவிட்டு, எல்லோரையும் போலத் தீர்த்தம் வாங்கினேன். விழுங்கியது கழுத்துத் தையல் வழியாகக் கசிந்து, துண்டை நனைத்து, எச்சிலோடு தரையில் சொட்டியது. பக்கத்தில் நின்ற பாச்சா குனிந்து தன் உத்தரீயத்தால் துடைத்தான்.

"பரவாயில்லை ஓய், யாரும் பார்க்கலை" என்றான். ஆனால் அந்த உத்தரீயத்தை அவன் மறுபடி தோளில் போட்டுக்கொள்ளவில்லை.

புற்றோடு குரலும் போகும் என்று தெரிந்துதான் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். புதுத் தொண்டை செய்யத் தொடைத் தோல்தான் தோது என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே இருந்த தோல் வழியாகத் தீர்த்தம் இறங்குவதா என்று, பிடிவாதமாக முன்கையிலிருந்து எடுக்கச் சொன்னவன் நான்தான்.

"தொண்டைக்குள்ள போனப்புறம் அதுக்கு மேலேது, கீழேது? டாக்டர் சொல்றதைக் கேளுங்கோன்னா" என்று நீ அழுதாய்.

மத்தியானம் தனியாகப் போய்க் காட்டினேன். கைத் தோல் சேரவில்லையாம். செவ்வாய்க்கிழமை மறுபடி அறுக்க வேண்டும், இந்த முறை தொடையிலிருந்து. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைக்காதே. நாளை கோஷ்டிக்கு என்னை எழுப்பவும் வேண்டாம். இனித் தீர்த்தத்துக்குக் கை நீட்ட மாட்டேன். கஞ்சி இறங்க எந்தத் தோலானால் என்ன?

உன் ஆத்துக்காரன்