வாசலில் ஒரு குரல்

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஒரு வீட்டில் வயர்லெஸ் காலிங்பெல்லும் திருடனுக்கான சைரனும் மாட்டினேன். செல்போனில் இணைக்கும்போது வாசல் பொத்தானைத் தவறுதலாகச் சைரனோடு சேர்த்துவிட்டேன். முதலில் வந்து அழுத்தியது வீட்டுக்காரரின் மாமியார். தெருவே திரண்டுவிட்டது! வீட்டுக்காரர் என் காதோடு, "இவங்க வந்தா மட்டும் இதுவே அடிக்கட்டும்ங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சரிசெய்தேன்.

மிஞ்சிய பெல் ஒன்றை முதலாளி எனக்கே கொடுத்தார். அறை வாசலில் மாட்டிவிட்டேன். அதில் நம் குரலையும் பதியலாம். நான் தாமதமாக வந்தால் சமையலறையிலிருந்து கத்துவாயே, அதைப் பேசி அனுப்பு. இங்கே யாரும் வருவதில்லை, நானே அழுத்திக்கொள்வேன்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. குரலை இனிமையாக்காதே, அப்படியே கத்து: "இப்பத்தான் வீட்டுக்கு வர வழி தெரிஞ்சுதா?"

உன்னவன்